ஒரே கோட்டை, இரண்டு டிரெய்லர்: வாடகைக் கேமராவா, வீட்டுப் போனா?

காட்பாடியில் ஒரு பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். இந்த வருடம் பதினொன்றாம் வகுப்புக்கு ஊடகச் செயல்திட்டமாக ஒரு வேலை கொடுத்தோம். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய்ப் புரட்சியைப் பற்றி ஒரு குறும்படம் எடுப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் படத்துக்கான டிரெய்லரை மட்டும் எடுத்துத் தந்தால் போதும். நீளம் 90 விநாடி.

இரண்டு குழு அமைந்தது. முதல் குழு, ஊரில் ஒரு ஸ்டுடியோவில் பெரிய கேமராவை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தது; எடிட்டிங்கையும் அங்கேயே கொடுத்தது. இரண்டாம் குழு வீட்டில் இருந்த போன்களில் எடுத்தது. எடிட் செய்தது ஒரு மாணவியின் அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில். இரண்டு குழுவோடும் நான் கூடவே இருந்ததால், அடுத்து இந்த வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு எதில் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளி வேலைக்குப் போனும் பழைய லேப்டாப்பும் போதும். கேமராவுக்குக் கொடுக்கும் வாடகையில் பாதியை மைக்குக்குப் போடுங்கள்.

கேமரா எங்கே ஜெயிக்கிறது

இருட்டில். இதில் சந்தேகமே இல்லை. புரட்சி தொடங்கியது நள்ளிரவு தாண்டி, விடியலுக்கு முன். அதனால் கதையின் முக்கால்வாசி இருட்டில்தான் நடக்கிறது. முதல் குழு ஒரு பையன் வீட்டு மொட்டை மாடியில் ஒரே ஒரு காடா விளக்கை வைத்துக்கொண்டு, சிப்பாய்கள் காதோடு காதாகப் பேசும் ஷாட்டை எடுத்தது. பெரிய சென்சார் (வெளிச்சத்தைப் படமாக மாற்றும் பகுதி) கொண்ட கேமரா அந்தச் சின்ன வெளிச்சத்தையே அள்ளி எடுத்துக்கொண்டது. முகத்தில் பாதி வெளிச்சம், பாதி நிழல், பின்னால் எல்லாம் மங்கல். பார்த்ததும் எனக்கே சிலிர்த்தது. அதே இடத்தில் போனில் எடுத்துப் பார்த்தோம். கறுப்பு முழுவதும் புள்ளி புள்ளியாகக் கொதித்தது, விளக்குச் சுடர் வெள்ளைப் பொட்டாக வெளுத்துப்போனது.

போன் குழு இதற்கு வேறு வழி கண்டுபிடித்தது. இரவில் எடுக்கவே இல்லை. சூரியன் வருவதற்கு முன்னால் வானம் நீலமாக இருக்கும் அரைமணி நேரத்தில், திரையில் விரலை வைத்து வெளிச்சத்தைக் குறைத்து எடுத்தார்கள். ஆட்கள் நிழலுருவமாகத் தெரிந்தார்கள். முகம் தெரியவில்லை. டிரெய்லருக்கு முகம் தெரியாமல் இருப்பதே நல்லதாகப் போயிற்று. மூன்று நாள் காலை ஐந்தரைக்கு எழுந்து வந்தார்கள். போன் சொந்தப் பொருள் என்பதால்தான் இந்த மூன்று நாள் அவர்களுக்குக் கிடைத்தது.

வாடகைக் கேமராவுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்ற பயத்தில், எல்லாக் காட்சிகளையும் ஒரே நாளில் முடிக்கப் பார்த்தார்கள். கோட்டை மதிலை எடுக்கப் போனபோது மணி பன்னிரண்டு. வேலூர் வெயில் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில் கருங்கல் மதில் தட்டையாக, ஆழமே இல்லாமல் வெளுத்து விழுந்தது. காலை ஏழு மணிச் சாய்வெயிலில் அதே மதிலைப் போனில் எடுத்தபோது, ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக நின்றது. கேமராவின் விலையைவிடக் கடிகாரத்தில் என்ன மணி என்பது முக்கியம் என்பதை அன்று இரண்டு ஷாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் புரிந்துகொண்டோம்.

இன்னொன்றும் மனதை உறுத்தியது. விலை உயர்ந்த பொருள், கீழே விழுந்தால் யார் கட்டுவது என்று, கேமராவை ஒரே பையன் மட்டும்தான் கையில் வைத்திருந்தான். மற்ற ஐந்து பேரும் தள்ளி நின்றார்கள். போன் குழுவில் ஆறு பேரும் ஷாட் வைத்தார்கள்.

போனுக்கும் தொல்லைகள் உண்டு. மதிய வெயிலில் கொதித்துப்போய்ப் பதிவை நிறுத்திவிடும். டியூப்லைட் இருக்கும் அறையில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். காரணம் எளிது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே அந்த விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கிறது. போன்கள் பெரும்பாலும் விநாடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும்படி வைக்கப்பட்டிருக்கும், அந்தக் கணக்கு இதோடு ஒட்டாது. 25 ஃபிரேமுக்கு மாற்றி, ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமிலும் வெளிச்சம் விழும் நேரத்தை, 50-இல் ஒரு பங்கு அல்லது 100-இல் ஒரு பங்கு விநாடியில் நிறுத்தினால் பட்டை போய்விடும். போனோடு வரும் கேமரா ஆப்பில் இந்த வசதி இல்லாவிட்டால், ஓபன் கேமரா, பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவச ஆப்களில் முயன்று பார்க்கலாம். பிளாக்மேஜிக் 2024-இல்தான் ஆண்ட்ராய்டுக்கு வந்தது, புதிய போன்களில் மட்டும் ஓடும்.

கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். பார்க்க வந்தவர் கையில் போனை வைத்துப் படம் எடுப்பது வேறு. ஸ்டாண்ட் நிறுத்தி, ஆள் நடிக்க, படப்பிடிப்பாக நடத்துவது வேறு. இரண்டாவதற்கு முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். நாங்கள் கோட்டையில் மதிலையும் அகழியையும் மட்டும் கையில் பிடித்து எடுத்துக்கொண்டு, நடிப்பை எல்லாம் பள்ளி வளாகத்திலும் வீட்டு மாடிகளிலும் வைத்துக்கொண்டோம்.

சத்தம்

டிரெய்லர் நின்றதும் விழுந்ததும் இங்கேதான்.

கேமராவோடு தனி மைக் வாங்கவில்லை, கேமராவில் இருப்பதே போதும் என்று முதல் குழு நினைத்தது. அகழிக்கு இந்தப் பக்கம் சாலையோரமாக நின்று இருவர் வசனம் பேசினார்கள். திரும்பி வந்து ஹெட்போனில் கேட்ட பையன் முகம் வாடிப்போயிற்று. "இன்னா சார், நாங்க பேசறதே கேக்கல, பஸ்ஸு ஹாரன்தான் கேக்குது." உண்மைதான். கேமரா பத்தடி தள்ளி இருந்தது, மைக்கும் அதோடு பத்தடி தள்ளி. மைக் வாய்க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எத்தனை விலை கொடுத்து வாங்கிய கேமராவும் இதை மாற்ற முடியாது.

போன் குழு செய்தது இதுதான். ஒரு போன் படம் எடுக்கும். இன்னொரு போன் குரல்பதிவு ஆப்பைத் திறந்தபடி பேசுகிறவர் சட்டைப் பையில் இருக்கும். ஷாட் தொடங்கும்போது ஒருவர் ஓங்கிக் கை தட்டுவார். எடிட்டிங்கில் அந்தக் கைதட்டலைப் படத்திலும் சத்தத்திலும் ஒன்றாகப் பொருத்தினால் உதடும் குரலும் சேர்ந்துவிடும். பிறகு சில நூறு ரூபாய்க்கு ஒயர் வைத்த காலர் மைக் ஒன்று வாங்கினார்கள், அது இன்னும் தெளிவு. பின்னணிக் குரலை வீட்டில் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பதிவு செய்தார்கள். அறையின் எதிரொலி போய், குரல் காதுக்குள் வந்து பேசுவதுபோல் இருந்தது.

அப்புறம் குதிரைகள். புரட்சிச் செய்தி கேட்டு, அதை அடக்க பிரிட்டிஷ் அதிகாரி கர்னல் கில்லெஸ்பி ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்ததுதான் அந்த நாளின் திருப்பம். குதிரைக்கு எங்கே போவது? முதல் குழு இணையத்தில் யாரோ எடுத்த குதிரைப்படைக் காட்சியை வெட்டி ஒட்டியது. நிறமும் ஒட்டவில்லை, அதைப் பயன்படுத்த உரிமையும் இல்லை. போன் குழு குதிரையைக் காட்டவே இல்லை. கொட்டாங்கச்சி இரண்டை எடுத்துக்கொண்டு பாலாற்று மணலில் தட்டிப் பதிவு செய்தார்கள், பிறகு பள்ளி வராந்தாக் கல்தரையில் தட்டிப் பதிவு செய்தார்கள். திரையில் ஒரு சிப்பாய் மதிலருகே உட்கார்ந்திருக்கிறான். தூரத்தில் மெல்ல மணல்மேல் குளம்புச் சத்தம். அவன் தலை நிமிர்கிறது. சத்தம் கல்லுக்கு மாறி நெருங்குகிறது. அவ்வளவுதான், திரை இருட்டாகிறது. அந்தப் பத்து விநாடிக்காகவே நான் இரண்டாம் குழுவின் பக்கம் நிற்கிறேன்.

எடிட்டிங்: கடையா, போன் ஆப்பா, லேப்டாப்பா

கடையில் கொடுத்தால் வேகம். ஒரே மாலையில் முடிந்தது, நிறம் பளிச்சென்று வந்தது. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தவருக்குக் கல்யாண வீடியோ கைப்பழக்கம். இரண்டு ஷாட்டுக்கு நடுவில் ஒரு மின்னல் வெட்டு, ஓடுகிற சிப்பாய்க்கு ஸ்லோ மோஷன், பின்னால் அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரு சினிமாப் பாட்டு. பிள்ளைகள் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். "இங்க கட் பண்ணலாமாண்ணா" என்று கேட்கக்கூடத் தயங்கினார்கள். அவர் கெட்டவர் இல்லை, தன் வேலையைத் தெரிந்த வழியில் செய்தார். ஆனால் அது பிள்ளைகளின் படமாக வரவில்லை. பாட்டு வேறு விஷயம். யூடியூபில் ஏற்றினால் உரிமையாளரின் கோரல் உடனே வந்து நிற்கும்.

போன் ஆப்கள் பழகுவது எளிது. கைன்மாஸ்டரை இலவசமாகப் பயன்படுத்தினால் அதன் பெயர் படத்தின் மூலையில் விழும். விஎன் அப்படிப் போடாது. ரீல்ஸ் அளவு வேலைக்குத் தாராளமாகப் போதும். ஆனால் வசனம், காற்று, குளம்புச் சத்தம், மேளம் என்று நாலைந்து சத்தத்தை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும்போது அந்தச் சின்னத் திரையில் விரலே டைம்லைனை மறைத்துவிடுகிறது. ஆறு பேர் சேர்ந்து பார்க்கவும் முடியாது.

லேப்டாப்பில் கேடன்லைவ், ஷாட்கட் இரண்டும் இலவசம், திறந்த மூலம், லினக்ஸிலும் ஓடும். டாவின்சி ரிசால்வும் இலவசமாகக் கிடைக்கிறது, நிறம் செய்வதற்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அதற்கு 16 ஜிபி ராம் கேட்கும், அரசு லேப்டாப் அதற்குப் பக்கத்தில்கூட வராது. கேடன்லைவில் பிராக்ஸி என்றொரு வசதி இருக்கிறது. பெரிய வீடியோவுக்குப் பதிலாகச் சின்ன நகல் ஒன்றைச் செய்துகொண்டு அதை வைத்து வெட்டலாம். கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போது அசல் வந்து உட்கார்ந்துகொள்ளும். இதைப் போட்ட பிறகுதான் அந்தப் பழைய லேப்டாப் மூச்சுவிட்டது.

இரண்டு இடத்தில் அடிபட்டோம். போன்கள் ஃபிரேம் வேகத்தை ஒரே சீராக வைப்பதில்லை, அதனால் நீளமான ஷாட்டில் குரல் உதட்டைவிட்டு நகர்ந்தது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் சீரான வேகத்துக்கு மாற்றிவிட்டுத்தான் எடிட்டிங்குக்குக் கொண்டுபோக வேண்டும். இன்னொன்று, ஷாட்டுகளை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பி வைத்திருந்தார்கள். அது அழுத்திச் சுருக்கிவிடும், பெரிய திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது கேபிள் போட்டு நேராக இறக்குங்கள்.

எங்கிருந்து தொடங்குவது

முதல் குழுவின் டிரெய்லர் கோட்டையில் தொடங்குகிறது. மதில், அகழி, கம்பீரமான குரலில் ஆண்டும் தேதியும். தப்பில்லை. ஆனால் வேலூர்ப் பிள்ளைக்குக் கோட்டை தினம் பஸ்ஸிலிருந்து பார்க்கிற இடம். புரட்சி எப்படி முடிந்தது என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அப்படியானால் எதை மறைத்து எதைக் காட்டுவது?

போன் குழுவில் ஒரு மாணவி, "தலைப்பாகையிலிருந்து ஆரம்பிக்கலாம் சார்" என்றாள். 1805 இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் வந்த புதிய விதிகள்தான் நெருப்பு வைத்தன. நெற்றியில் மதக்குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும். அவர்கள் டிரெய்லர் ஒரு கையில் தொடங்குகிறது. அந்தக் கை பழைய துணித் தலைப்பாகையை நிதானமாகச் சுற்றுகிறது, துணி உரசும் சத்தம் மட்டும் கேட்கிறது. இன்னொரு கை வந்து அதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிறது. முகம் இல்லை, வசனம் இல்லை. அதற்குப் பிறகுதான் கோட்டை வருகிறது. பார்க்கிறவர் மனதில் கேள்வி விழுந்த பிறகு வருகிற கோட்டை வேறு கோட்டை.

பின்னணிக் குரல் நிறைய வேண்டுமா, திரையில் எழுத்தாக வரும் டைட்டில் கார்டு போதுமா என்பதில் நான் கார்டு பக்கம். 90 விநாடியில் மூன்று கார்டுக்கு மேல் வேண்டாம்.

திரையிடும் நாள்

பள்ளி ஹாலில் முதல் நாளே இரண்டையும் போட்டுப் பார்த்தோம். லேப்டாப்பில் அழகாகத் தெரிந்த விடியற்காலைக் காட்சி புரொஜெக்டரில் வெறும் கறுப்பாக விழுந்தது. பின்வரிசையில் இருந்த பையன் எழுந்து ஜன்னல்களை எல்லாம் சாத்தினான். அப்போதும் தெரியவில்லை. மொட்டை மாடி விளக்குக் காட்சியிலும் சுடரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

முதல் குழு ஸ்டுடியோவுக்குப் போன் செய்தது. மறுபடி திருத்தத் தேவையான புராஜெக்ட் ஃபைலை அழித்துவிட்டதாகச் சொன்னார்கள், பென்டிரைவில் இருந்த முடிந்த வீடியோ மட்டும்தான் மிச்சம். போன் குழு அங்கேயே பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்தது. நான்கு ஷாட்டில் வெளிச்சத்தை ஏற்றி, திரையில் பார்த்து, மறுபடி கொஞ்சம் இறக்கி, எக்ஸ்போர்ட் போட்டார்கள். அது முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரத்தில் முதல் குழுவின் கேமராப் பையன் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கேடன்லைவை எங்கே இறக்குவது என்று கேட்டுக்கொண்டிருந்தான்.