பிராட்வே துப்பாக்கி ரிப்பேர் கடை: சிக்கிய கோலை இழுக்காமலே எடுத்தார்கள்

குழல்வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கியை லைசென்ஸோடு வைத்திருப்பவர்கள் வடசென்னையில் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிராட்வேயிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சின்ன ரிப்பேர் கடை இது. பெயரையும் ஃபோன் நம்பரையும் நெட்டில் போட வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டார். துப்பாக்கி விஷயம் என்பதால் அவர் சொல்வது நியாயம்தான். லைசென்ஸ் உள்ளவர்கள் அந்தப் பக்கம் போய் துப்பாக்கி ரிப்பேர் பாய் கடை எங்கே என்று கேட்டால் கை காட்டுவார்கள்.

என்னிடம் இருப்பது அப்பா காலத்து ஒற்றைக் குழல். திருத்தணிப் பக்கம் எங்கள் நிலத்துக் காவலுக்காக வாங்கியது. அவர் போன பிறகு வாரிசு முறையில் லைசென்ஸ் என் பெயருக்கு மாறியது. இப்போது தண்டையார்பேட்டை வீட்டில் பூட்டிய பீரோவில் இருக்கிறது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பதும் முடிந்ததும் வாங்கி வருவதும்தான் அதற்கு இன்று உள்ள வேலை.

போன ஐப்பசி மழை ஓய்ந்ததும் துடைத்து வைக்கலாம் என்று எடுத்தால், குழலுக்கு அடியில் செருகியிருக்கும் மருந்து இடிக்கும் கோல் அசையவே இல்லை. மரக்கோல், முனையில் பித்தளைக் குப்பி. எங்கள் தெருவிலிருந்து கடல் கூப்பிடு தூரம்தான். அந்த ஈரக்காற்றில், மழைக்காலத்துக் கதவு நிலையோடு இறுகிக்கொள்கிற மாதிரி, கோல் துப்பாக்கியின் மரக்கட்டையோடு இறுகிவிட்டது. தெரிந்த லேத் பட்டறையில் விசாரித்தேன். "கொண்டாங்க சார், பிளையர் போட்டு ஒரே இழு" என்றார்கள். துப்பாக்கியை ரிப்பேர் செய்யவே 1959 ஆயுதச் சட்டப்படி தனி லைசென்ஸ் வேண்டும். அதோடு, அந்த 'ஒரே இழு' எனக்குப் பிடிக்கவும் இல்லை. அப்படித்தான் பாய் கடைக்குப் போனேன்.

பாய்க்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். முதலில் அசல் லைசென்ஸை வாங்கி, துப்பாக்கியில் வெட்டியிருக்கும் நம்பரோடு ஒத்துப் பார்த்தார். ரிஜிஸ்டரில் எழுதினார். அப்புறம் நான் எதிர்பார்க்காத கேள்வி ஒன்று கேட்டார்: "தம்பி, உள்ள மருந்து இருக்குதா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "நீ சொன்னா ஆச்சா, குழல் சொல்லணும்" என்றார்.

இந்த வகைத் துப்பாக்கியில் உள்ளே மருந்து இருக்கிறதா என்று திறந்து பார்க்க வழி கிடையாது. கோலை விட்டு அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். அளக்கிற அந்தக் கோலே சிக்கிக் கிடக்கிறது! அவர் வேறொரு மெல்லிய மரக்குச்சியை எடுத்தார். விசையை இழுத்தால் வந்து அடிக்கும் குதிரையைத் தூக்கி, அதன் அடியில் இருக்கும் துளையுள்ள முளையில், அதாவது நிப்பிளில், நெருப்புப் பொறி தரும் கேப்பு இல்லை என்று பார்த்தார். குழல்வாய் சுவர்ப் பக்கம் இருக்கும்படி வைத்து, தான் பக்கவாட்டில் நின்றுகொண்டு, குச்சியை அடிவரை விட்டார். வாய் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டு, வெளியே எடுத்து, அதே குச்சியைக் குழலின் மேல் நீளவாக்கில் வைத்துக் காட்டினார். நுனி நிப்பிளுக்கு நேராக வந்திருக்க வேண்டும். இரண்டு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது.

உள்ளே ஏதோ இருக்கிறது. மருந்தும் குண்டுமா, வெறும் அழுக்கா என்று தெரியாது. தெரியாதவரை மருந்து என்றே வைத்துக்கொள்வது அவர் பழக்கம். நிப்பிள் துளை வழியாகவும் குழல்வாய் வழியாகவும் தண்ணீர் விட்டு, அப்படியே ஊறப் போட்டார். நனைந்த கரிமருந்து பற்றாது. அதற்கு அப்புறம்தான் குழலைக் கட்டையோடு பிடித்திருக்கும் ஆப்புகளைத் தட்டி எடுத்து, பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றி, குழலைக் கட்டையிலிருந்து தனியே தூக்கினார்.

குழலுக்குள் வெந்நீர் ஊற்றியதும் சாம்பலும் கறுப்புமாகக் குழம்பு வெளியே வந்தது. அழுகிய முட்டை நாற்றம். குண்டு இல்லை, பழைய வெடிகளின் கசடுதான். கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் புகையாகப் போகாமல் திடப்பொருளாகவே தங்கிவிடும். அதில் பெரும்பங்கு பொட்டாசியம் உப்புகள், அவை தண்ணீரில் கரையும். எண்ணெயில் கரையாது. துணி சுற்றிய கோல் குழலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டாலும் வெந்நீரை ஊற்றி ஊற விடு, ஸ்பிரே எண்ணெய் அடித்துப் பிரயோசனமில்லை என்றார். மாட்டிய கோலை வெடித்துத் தள்ளிவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் துப்பாக்கியையே கொடுக்காதே என்றும் சொன்னார். நடுவில் அடைப்பு இருந்தால் குழல் கிழிந்துவிடும்.

கட்டையில் சிக்கிய கோலுக்குத்தான் நாள் பிடித்தது. மரம் நீளவாக்கில் ஊதுவது மிகக் குறைவு, குறுக்கில்தான் ஊதும். அதனால்தான் துளைக்குள் பிடித்துக்கொள்கிறது. பலமாக இழுத்தால் பித்தளைக் குப்பி மட்டும் கையோடு வரும், அல்லது நார் ஓடிய பக்கமாகக் கோல் சிம்பு சிம்பாகப் பிளக்கும். வெயிலில் வைத்தால் கட்டை வெடிக்கும். பாய் கட்டையைத் தகரப் பெட்டியில் போட்டு, நீல நிற சிலிக்கா ஜெல் பைகளை அடுக்கி மூடினார். நீலம் இளஞ்சிவப்பானால் ஈரத்தைக் குடித்துவிட்டது என்று அர்த்தம். மணிகளைச் சூடேற்றி மறுபடி நீலமாக்கிப் பெட்டியில் போடுவார்.

கடைசியில் என் முன்னாலேயே எடுத்தார். கோல் தலையில் தோல் துண்டைச் சுற்றி, கட்டையின் அடிப்பக்கத்தை மரச்சுத்தியால் மெல்லத் தட்டிக்கொண்டே கையால் இடம் வலமாகத் திருகினார். கிரீச் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். குப்பி ஆடக்கூட இல்லை. கோலின் மேல் வழவழப்பாகத் தேய்ந்த இரண்டு தடங்கள் தெரிந்தன. பிடித்த இடம் அதுதான் என்று காட்டி, அங்கே மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசி, காய்ந்தபின் தேன்மெழுகு தடவினார்.

கோட்டை மியூசியத்துக்குப் போகிறவர்கள் அங்குள்ள பழைய துப்பாக்கிகளின் குழலுக்கு அடியில் இருக்கும் கோல் மரமா இரும்பா என்று கவனித்துப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய நாடான பிரஷ்யாவின் படை இரும்புக் கோலுக்கு மாறியது, மற்ற படைகளும் பின்னால் மாறின. போர் நடுவில் மரக்கோல் ஒடிந்தால் அந்தச் சிப்பாய் கையில் இருப்பது வெறும் தடிதான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். எப்போது தருவார் என்று தேதி சொல்லவே மாட்டார், ஃபோனையும் பெரும்பாலும் எடுப்பதில்லை. பின்பக்க ஸ்க்ரூவின் தலையில் புதிதாக ஒரு கீறல் விழுந்திருக்கிறது. அப்பா காலத்து ஸ்க்ரூ என்பதால் அது எனக்கு வருத்தம்தான். 1,800 ரூபாய் வாங்கினார், பில் கொடுத்தார். கட்டையைப் பிளக்காமல், கோலை ஒடிக்காமல், அதற்கும் முன்னால் யாருக்கும் ஆபத்து வராமல் பார்த்துக்கொண்டதற்கு அந்தத் தொகை குறைவு என்பேன்.

போகிறவர்கள் அசல் லைசென்ஸ் எடுத்துப் போங்கள், ஜெராக்ஸைத் தொடமாட்டார். துப்பாக்கியை உறையில் போட்டு ஆட்டோவில் போவது நல்லது, பிராட்வேயில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. தேன்மெழுகு ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். மழைக்கு முன்னால் கோலை உருவி, மெழுகு தடவி, தனியாகவே வைத்துவிடச் சொன்னார். இந்த வருஷம் புரட்டாசியிலேயே அப்படி எடுத்து வைத்துவிட்டேன்.