கடல் தண்ணீரா, உப்புக் கலவையா? வேலூரில் முதல் பவளத்தொட்டி

வேலூரில் உயிர்ப் பவளம் வளர்க்க 100 லிட்டர் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைக்கப் போகிறவர்கள் முதலில் குழம்புவது இதில்தான்: சென்னைக்குப் போய் கடல் தண்ணீர் பிடித்து வருவதா, கடையில் மீன்தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்பு (சமையல் உப்பு அல்ல) வாங்கிக் கலக்குவதா?

செலவு
கடல் தண்ணீர்: சும்மா கிடைக்கும். போக வர 280 கிலோமீட்டருக்கு டீசல் யார் போடுவது?
கலவை: லிட்டருக்குச் சுமார் 35 கிராம். வாரம் 10 லிட்டர் மாற்றினால் 350 கிராம்தான்.

நம்பகம்
கடல் தண்ணீர்: கூவம், அடையாறு முகத்துவாரம் பக்கம் பிடிக்கவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரம் உப்பு இறங்கிவிடும்.
கலவை: அளவு நம் கையில். உப்பு எவ்வளவு என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 காட்டினால் போதும்.

சிரமம்
கலவைக்கு, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை நீக்கும் ஆர்.ஓ., டி.ஐ. வடிகட்டி வேண்டும். போர் தண்ணீர் பேச்சுக்கே இடமில்லை. 20 லிட்டர் கேன் தண்ணீரில், கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டாலும் பூஜ்யம் காட்டாது. கடல் தண்ணீருக்கு இந்தத் தொல்லை இல்லையே என்பார்கள். உண்டு. அக்னி நட்சத்திரத்தில் தொட்டி மட்டம் மளமளவென்று இறங்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே தங்கும். குறைந்ததை உப்பில்லாத தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். ஆக, வடிகட்டி இரண்டுக்கும் தேவை.

சூடு
வித்தியாசமே இல்லை. 26 டிகிரியில் நிறுத்த நம்மூர் வெயிலுக்குச் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்கியே ஆக வேண்டும்.

பெரிய தொட்டி, அடிக்கடி சென்னைக்கு வண்டி, கரை தாண்டிப் போகும் படகுக்காரர் பழக்கம், மூன்றும் இருந்தால் கடல் தண்ணீர். மற்றவர்களுக்கு உப்புதான். எதுவானாலும் கடலிலிருந்து உயிர்ப் பவளம் எடுத்து வராதீர்கள். கல் பவளங்கள் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.