தரவுப் போதுமை: விடை காண்பதா, போதுமா என்று பார்ப்பதா?

தரவுப் போதுமை வினாவில் ஒரு கேள்வியும் சில கூற்றுகளும் இருக்கும்; விடை காண அந்தக் கூற்றுகள் தனியாகவோ சேர்ந்தோ போதுமா என்று மட்டும் சொல்ல வேண்டும். கிளிநொச்சியில் உளச்சார்புப் பரீட்சைக்குப் படிக்க வரும் பிள்ளைகளிடம் இதில் இரண்டு பழக்கங்களைக் காண்கிறேன். கணக்கை முடிவுவரை செய்து, விடை கையில் வந்த பிறகே தரவு போதும் என்பது ஒன்று. விடை ஒன்றே ஒன்றுதான் வரும் என்று தெரிந்ததும் பேனாவை வைத்துவிடுவது மற்றது.

ஒரு விவசாயியிடம் நெல்லும் உழுந்துமாக 40 மூட்டைகள். நெல் எத்தனை மூட்டை? கூற்று 1: நெல், உழுந்தின் மூன்று மடங்கு. கூற்று 2: உழுந்து 12 மூட்டைக்குக் குறைவு.

முதலாமவர் 30 என்று கண்டுபிடிப்பார். இரண்டாமவர், மொத்தமும் மடங்கும் தெரிகின்றன, இது போதும் என்று நகர்ந்துவிடுவார். கேட்கப்பட்டது 30 அல்ல, கூற்று போதுமா என்பதுதானே! அடுத்து, கூற்று 2ஐப் பார்க்கும்போது முதலாவதை முற்றாக மறக்க வேண்டும். பலர் வழுக்குவது இங்கேதான். தனியே அது போதாது. உழுந்து 11 மூட்டையாகவும் இருக்கலாம், 5 ஆகவும் இருக்கலாம்.

நான் இரண்டாவது பழக்கத்தின் பக்கம். நேரம் மிஞ்சும், மனமும் களைக்காது. ஆனாலும் சில இடங்களில் எழுதியே பார்க்க வேண்டும். ஓர் எண்ணின் வர்க்கம் 49 என்றால் 7 மட்டுமல்ல, −7உம் உண்டு. 2 பேனாவும் 3 கொப்பியும் 200 ரூபாய், 4 பேனாவும் 6 கொப்பியும் 400 ரூபாய்: பார்வைக்கு இரண்டு கூற்றுகள், உள்ளே ஒன்றுதான். பேனாவின் விலை கிடைக்காது.

‘ஆமா, இல்லையா’ என்று கேட்கும் வினாவில், ‘இல்லை’ என்பது உறுதியானால் அந்தத் தரவும் போதுமானதே.