கருப்பைத் தழும்பை நீக்குதல்: மின்சூடா, நுண்கத்தரிக்கோலா?

கருக்கலைவுக்குப் பின் கருப்பை சுரண்டிச் சுத்தம் செய்யப்பட்ட சில பெண்களுக்கு உட்சுவர்கள் தழும்பால் ஒட்டிக்கொள்ள, மாதவிடாய் குறைந்தோ நின்றோ போகிறது; கரு தங்குவதும் கடினமாகலாம். 1948இல் மருத்துவர் யோசெப் அஷர்மன் விளக்கிய இந்நிலைக்கும் யாழ்ப்பாணத்து வீடுகளில் மருமகள்மேலேயே பழி விழுவது மனத்தை வருத்துகிறது. கருப்பையினுள்ளே பார்க்க உதவும் உள்நோக்கிக் கருவியூடாகத் தழும்பை அறுக்க இரு வழிகள் உண்டு. மின்சூட்டுக் கருவி தடித்த தழும்பையும் வெட்டி, குருதிக்கசிவையும் அடக்கும். ஆனால் அந்த வெப்பம் அருகிலுள்ள நலமான உட்படலத்தையும் சுட்டுவிடக்கூடும், கரு தங்க வேண்டியதோ அப்படலத்திலேயே. நுண்கத்தரிக்கோலில் குருதி கசிந்தால் பார்வை மங்கும். எனினும் வெப்பக்காயம் இல்லாததால், பிள்ளை வேண்டுவோருக்கு அதையே முதலில் கருதலாம் என்பேன். எவ்வழியாயினும் தழும்பு மீண்டும் ஒட்டலாம். ஆகவே சில வாரங்களின் பின் மறுபடி உள்நோக்கிப் பார்ப்பார்களா என்பதைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே, கிளினிக்கில் மகப்பேற்று நிபுணரிடம் கேட்டுவிடுங்கள்.