டைப்பிங் கிளாஸ் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: இரண்டு மொழியிலும் படித்து முடித்த அனுபவம்

இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேரலாமா, அது இன்னும் வேலைக்கு ஆகுமா, தமிழ், ஆங்கிலம் இரண்டும் படிக்க வேண்டுமா என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் மதுரையில் ஒரு இன்ஸ்டிடியூட்டில் ஒன்றேகால் வருடம் படித்தேன். பெயரைப் போடவில்லை, குறைகளையும் சொல்லப்போகிறேன், அந்தக் குறைகளில் பாதி பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன, அந்த ஒரு இடத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. இப்போது ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருக்கிறேன், குரூப் 4-க்கும் படிக்கிறேன்.

முதலில் சேரும் முன் தெரிய வேண்டியது. தமிழ்நாட்டில் டைப்பிங் சான்றிதழ் என்றால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசுத் தேர்வுதான். வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும். இளநிலை, முதுநிலை என்று தாளில் எழுதியிருக்கும், ஆனால் எல்லோரும் லோயர், ஹையர் என்றுதான் சொல்வார்கள். ஆங்கில லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் என்றால் 45. ஸ்பீடு தாள் பத்தே நிமிடம், அதில் லோயருக்கு 1500 விசையடி, ஹையருக்கு 2250 விசையடி. இன்னொரு தாளில் ஸ்டேட்மென்ட் என்கிற அட்டவணை, லெட்டர் எல்லாம் வரும். டி.என்.பி.எஸ்.சி. டைப்பிஸ்ட் வேலைக்கு இரண்டு மொழியிலும் ஹையர் இருக்கலாம், அல்லது ஒன்றில் ஹையர், மற்றதில் லோயர் இருந்தாலும் போதும். தமிழ் ஹையர், ஆங்கில லோயர் என்ற வழியில்தான் நான் போனேன், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இன்ஸ்டிடியூட் மாடியில் ஒரு நீள அறை. இருபத்திரண்டு மிஷின், முக்கால்வாசி கோத்ரெஜ், மீதி ரெமிங்டனும் ஃபேசிட்டும். கோத்ரெஜ் கம்பெனி டைப்ரைட்டர் செய்வதை நிறுத்தி பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதனால் இருக்கிற மிஷினைத்தான் துடைத்து, எண்ணெய் விட்டு, உதிரிப் பாகத்தை இன்னொரு மிஷினிலிருந்து கழற்றி மாட்டி ஓட்டுகிறார்கள். எங்கள் மேடம் இதை மிக ஒழுங்காகச் செய்தார். ரிப்பன் மங்கியதும் மாற்றுவார், எந்த மிஷினில் எந்த எழுத்து ஒட்டிக்கொள்ளும் என்பது அவருக்கு மனப்பாடம். சேருமுன் நீங்கள் பார்க்க வேண்டிய முதல் விஷயம் இதுதான். ஒரு மணி நேர பேட்சில் பத்து நிமிடம் மிஷினோடு மல்லுக்கட்டினால் மாதக் கட்டணத்தில் ஆறில் ஒரு பங்கு வீண். நான் கொடுத்தது ஒரு மொழிக்கு மாதம் 500 ரூபாய், இப்போது கூடியிருக்கும்.

முதல் மாதம் விரல் பயிற்சி மட்டும். ஆங்கிலத்தில் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், தமிழில் யளனகபக. பக்கம் பக்கமாக இதையே அடிக்க வேண்டும். சலிப்பாகத்தான் இருக்கும், விட்டுவிட்டுப் போகிறவர்களில் பெரும்பாலானோர் இந்த மாதத்திலேயே போய்விடுகிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள். மேடம் ஒரு பழைய துண்டை விசைகள் மேல் விரித்து, அதற்கு அடியில் கையை விட்டு அடிக்கச் சொல்வார். "கண்ணு தாள்ல இருக்கணும்மா, கையில இல்ல" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இன்றைக்கு நாற்பது பக்க சாட்சி வாக்குமூலத்தைக் கண்ணெடுக்காமல் அடிக்கும்போதெல்லாம் அந்தத் துண்டை நினைத்துக்கொள்கிறேன்.

தமிழ் டைப்பிங் ஆங்கிலத்தைவிடக் கஷ்டம் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். பெரிய காரணம் புள்ளி. தமிழில் புள்ளி இல்லாமல் ஒரு வரி ஓடாது, ஆனால் மிஷினில் புள்ளி இருக்கும் இடம் வலது கைச் சுண்டுவிரல். இருப்பதிலேயே பலமில்லாத விரலுக்கு இருப்பதிலேயே அதிக வேலை. இரண்டாவது வாரம் எனக்குச் சுண்டுவிரலின் அடிமூட்டு வீங்கியே விட்டது. அப்புறம், புள்ளியை முதலில் அடிக்க வேண்டும். அடித்தால் புள்ளி மட்டும் விழும், வண்டி நகராது, அதே இடத்தில் எழுத்தை அடித்தால் மெய்யெழுத்து ஆகும். கி, கீ போன்ற எழுத்துகளின் மேல் வரும் விசிறிக்கும் இதே கதைதான். இந்த நகரா விசை யோசனை யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையாவுடையது, தமிழுக்குத் தட்டச்சு விசைப்பலகையை அமைத்தவர் அவர்தான். 247 எழுத்தை ஒரு சிறிய இரும்புப் பெட்டிக்குள் எப்படி அடக்கினார் என்பது அடித்துப் பழகும்போதுதான் புரிகிறது. எங்கள் வகுப்பில் யாரும் அவர் பெயரைச் சொல்லித் தரவில்லை. சொல்லியிருக்கலாம்.

தேர்வு நாளைப் பற்றி ஒரு வார்த்தை. மிஷின்களை டெம்போவில் ஏற்றித் தேர்வு நடக்கும் கல்லூரிக்குக் கொண்டுபோவார்கள். நீங்கள் பழகிய மிஷினே உங்களுக்குக் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், முந்தைய நாளே எண்ணைக் குறித்து வையுங்கள். மணி அடித்ததும் அந்தக் கூடம் முழுக்க நூற்றுக்கணக்கான மிஷின் ஒரே நேரத்தில் ஆரம்பிக்கும், அந்தச் சத்தத்தில் கை உதறும். முதல் வரியை மெதுவாக அடித்தவர்கள் தப்பித்தார்கள், பக்கத்தில் இருப்பவர் வேகத்துக்குப் போனவர்கள் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் இன்ஸ்டிடியூட் இந்த இடத்தில் அருமை. தேர்வுக்கு மூன்று வாரம் முன்பிருந்தே ஞாயிறுதோறும் எல்லா பேட்சையும் ஒன்றாக உட்காரவைத்து, மணி அடித்து, அந்தச் சத்தத்தைப் பழக்கினார்கள். பிப்ரவரியில் இரண்டு லோயரையும் ஒன்றாகவும், ஆகஸ்டில் தமிழ் ஹையரையும் எழுதினேன். மூன்றிலும் பாஸ்.

இதுவரை சொன்னதற்கு ஐந்துக்கு ஐந்து தருவேன். இனி குறை.

முதல் குறை கம்ப்யூட்டர். டைப்பிஸ்ட் வேலைக்கு அலுவலகத் தானியக்கச் சான்றிதழும் வேண்டும், சி.ஓ.ஏ. என்பார்கள், அதையும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககமே நடத்துகிறது. எங்கள் இடத்தில் அதற்கு இருந்தவை நான்கு கம்ப்யூட்டர், அதில் ஒன்று பெரும்பாலும் படுத்திருக்கும். வேர்டு, எக்செல் சொல்லித் தந்தார்கள், பரவாயில்லை. ஆனால் தமிழை எப்படி அடிப்பது என்பதற்கு ஒரு வகுப்புகூடக் கிடையாது. டைப்ரைட்டரில் தமிழ் ஹையர் பாஸ் செய்த நான், வேலைக்குப் போன முதல் நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து 'தமிழ்' என்ற சொல்லை அடிக்கத் தெரியாமல் விழித்தேன். அங்கே இருந்தது தமிழ்99. அது 1999-ல் தமிழ்நாடு அரசே ஏற்ற விசைப்பலகை. உயிரெழுத்து எல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. அதில் 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ, அவ்வளவுதான், நடுவில் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். மிஷினில் இதற்கு ஐந்து அடி. தனியாகப் புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் எழுத்து முதலில், புள்ளி பிறகு. ஒரு வருடம் விரலில் ஏற்றியதை அப்படியே தலைகீழாக்க எனக்கு ஏழு வாரம் ஆனது. பழைய தட்டச்சு முறையிலேயே அடிக்க என்.ஹெச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன என்பதையும் இன்னொரு அலுவலகத்துப் பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எழுத்துரு விஷயமும் அப்படித்தான். வானவில் எழுத்துருவில் அடித்த பழைய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஏதோ குறியாகக் கொட்டும், அதை எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்ற வேண்டும். 2010-லேயே அரசு யூனிகோடை ஏற்றுவிட்டது. வகுப்பில் இதைச் சொல்ல அரை மணி நேரம் போதும்.

இரண்டாவது குறைதான் எனக்குப் பெரியது. பயிற்சி முழுக்கத் தமிழ் தாளைப் பார்த்துத் தமிழ் அடிப்போம், ஆங்கிலத் தாளைப் பார்த்து ஆங்கிலம் அடிப்போம். இரண்டு மொழியும் ஒரே மேசையில் சந்திக்கும் வேலைக்கு யாரும் தயார் செய்வதில்லை. மாவட்ட நீதிமன்றம் வரை இங்கே தமிழில் நடக்கும், உயர் நீதிமன்றம் ஆங்கிலத்தில். கீழ்க் கோர்ட்டில் தோற்ற வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடாகப் போனால் பிராது, எதிருரை, வாக்குமூலம், பத்திரம் எல்லாம் ஆங்கிலமாகி டைப்டு செட்டாக, அதாவது டைப் செய்து தொகுத்த ஒரே கட்டாகப் போக வேண்டும். அந்த மேசையில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், இதைப் படிக்கும் யாராவது ஒருவராவது இந்தத் தவறைச் செய்யாமல் இருக்கட்டும். கிரயப் பத்திரத்தில் சொத்து விவரம் இப்படி இருக்கும்: "வண்டிப்பாதைக்கு வடக்கு, கருப்பையா புஞ்சைக்குத் தெற்கு, ஓடைக்குக் கிழக்கு." நான் என்ன செய்தேன் என்றால், ஆங்கிலப் படிவத்தில் வடக்கு என்ற இடத்தில் வண்டிப்பாதையையும் தெற்கு என்ற இடத்தில் புஞ்சையையும் அடித்துவிட்டேன். எங்கள் குமாஸ்தா அண்ணன் அச்சிட்ட தாளைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் கட்டம் போட்டார். "பாதைக்கு வடக்கேன்னா நம்ம நிலம் வடக்கே இருக்கும்மா, பாதை தெக்கே இருக்கு. ஆங்கிலத்துல எல்லையில என்ன இருக்குன்னு எழுதுவாங்க, தமிழ்ல நிலம் எங்க இருக்குன்னு எழுதுவாங்க." எல்லாத் திசையும் தலைகீழ். சொல் ஒவ்வொன்றும் சரி, எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை, ஆனால் நிலம் பாதையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. அந்த நிலத்துக்காகப் பதினோரு வருடமாகக் கோர்ட்டுக்கு நடக்கும் ஒரு பெரியவர் அப்போது வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொன்று. ஆங்கிலத்தில் ரெஸ்பாண்டென்ட் என்று ஒரே சொல் வரும். தமிழில் மனுவாக இருந்தால் எதிர்மனுதாரர், மேல்முறையீடாக இருந்தால் எதிர்மேல்முறையீட்டாளர், அசல் வழக்கில் அவரே வாதியாகவோ பிரதிவாதியாகவோ இருந்திருப்பார். இது எந்தக் கட்டத்தில் இருக்கும் வழக்கு என்று தெரியாமல் அந்த ஒரு சொல்லைக்கூட அடிக்க முடியாது. அரசு அலுவலகத்திலும் இப்படித்தான் என்று வருவாய்த் துறையில் இருக்கும் தோழி சொல்கிறாள். ந.க. எண் என்கிற கோப்பு எண்ணை எங்கே போடுவது, பொருள், பார்வை எப்படி எழுதுவது, சுற்றறிக்கைக்கும் செயல்முறைகள் என்கிற அதிகாரியின் உத்தரவுக்கும் நடை எப்படி மாறும், தனக்கு வரும் தாள்களைக் குறித்து வைக்கும் தன் பதிவேட்டை எப்படி வைப்பது, எல்லாமே வேலைக்குப் போன பிறகு திட்டு வாங்கித்தான் அவள் கற்றுக்கொண்டாள்.

இதற்கு இன்ஸ்டிடியூட்டை மட்டும் குறை சொல்ல முடியாது, தேர்வில் கேட்பதைத்தான் அவர்கள் சொல்லித் தருவார்கள். ஆனாலும் வாரத்தில் ஒரு நாள், ஒரு அரசுக் கடிதத்தையும் அதன் ஆங்கில வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடிக்கச் சொல்லியிருந்தால் எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும். மேடமிடமே இதைச் சொன்னேன். கோபப்படவில்லை, "நீயே வந்து ஒரு நாள் சொல்லிக்குடேன்" என்றார்.

சுருக்கெழுத்தை நான் தொடவில்லை, அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. முடிந்தால் சேருங்கள், ஸ்டெனோ தெரிந்தவர்களை எங்கள் கோர்ட் வளாகத்தில் தேடிப் பிடிக்கிறார்கள்.

ஏன் தமிழ் ஹையர் முதலில்? மற்றவர்கள் ஆங்கிலம் சுலபம், அதை முதலில் முடி என்பார்கள். ஆங்கில விசைப்பலகை வீட்டு கம்ப்யூட்டரிலும் அதேதான், பிறகுகூட வேகத்தை ஏற்றிக்கொள்ளலாம். தமிழ் மிஷின் இன்ஸ்டிடியூட்டில் மட்டும்தான் இருக்கும், இடைவெளி விட்டால் விரல் மறந்துவிடும். அதோடு 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம், குரூப் 4-ல் அந்தப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். தினமும் ஒரு மணி நேரம் தமிழ் உரைநடையை எழுத்து எழுத்தாக அடிப்பவளுக்கு ஒற்று மிகும் இடம் தானாகவே பழகிவிடுகிறது. எனக்கு அப்படித்தான் பழகியது.

ஆகவே, சேருங்கள். விரலுக்கு இதைவிட நல்ல பயிற்சி இந்தக் காசுக்குக் கிடைக்காது. ஆனால் முதல் மாதத்திலிருந்தே வீட்டில் தமிழ்99-ஐத் தனியாகப் பழகுங்கள், அரசுத் துறைத் தளங்களில் இரண்டு மொழியிலும் கிடைக்கும் அறிவிப்புகளை இறக்கி, ஒரு பத்தி தமிழ், அதே பத்தி ஆங்கிலம் என்று மாற்றி மாற்றி அடித்துப் பாருங்கள். எது எதற்கு நிகர் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என்னுடைய நோட்டு இப்போது அறுபது பக்கத்தைத் தாண்டிவிட்டது, முதல் பக்கத்தில் குமாஸ்தா அண்ணன் போட்ட அந்தக் கட்டத்தை ஒட்டி வைத்திருக்கிறேன்.

வரும் ஆகஸ்டில் ஆங்கில ஹையர் எழுதுகிறேன். காலை ஆறு மணி பேட்ச், ஜன்னலோரம் மூன்றாவது மிஷின். சனிக்கிழமை மட்டும் ஏழு மணிக்கு மேலும் இருப்பேன், மேடம் கேட்ட அந்த வகுப்பை அன்றுதான் எடுக்கிறேன். இதுவரை ஐந்து பேர் வருகிறார்கள்.