சான்றிதழ் அசல், கம்பி வேறு: இம்பிளான்ட் உருக்கு வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

எலும்பு முறிவுக்குப் பொருத்தும் தகடுகளையும் திருகுகளையும் தயாரிக்கும் சிறிய ஆலை ஒன்றை அம்பத்தூரில் நடத்தி வருகிறேன். மூலப்பொருள் வாங்கியதில் நாங்கள் ஏமாந்த விதத்தை, இதே தொழிலில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். விற்றவரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் கையாண்ட முறையை அறிவதுதான் உங்களுக்குப் பயன்படும்.

எங்களுக்குத் தேவைப்பட்டது 4.5 மில்லிமீட்டர் திருகுகளுக்கான 8 மில்லிமீட்டர் ராட். ஏஎஸ்டிஎம் எஃப்138 தரத்தில் (உடலுக்குள் பொருத்தும் உருக்குக்கான தரநிலை), வெற்றிடத்தில் மறு உருக்கு செய்யப்பட்ட 316எல் என்ற துருப்பிடிக்காத உருக்கு. வழக்கமாக வாங்கும் ஐரோப்பிய ஆலை பதினான்கு வாரம் ஆகும் என்றது. கையில் ஆர்டர் இருந்தது, கிடங்கில் ராட் இல்லை. அந்த நேரத்தில் வேறு மாநிலத்து ஸ்டாக்கிஸ்ட் (உருக்கை வாங்கி இருப்பு வைத்து விற்பவர்) ஒருவர், அதே தரம் தன்னிடம் தயாராக இருப்பதாகவும் பத்து நாளில் அனுப்புவதாகவும், அதுவும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்த விலைக்குத் தருவதாகவும் சொன்னார். அவசரத்தில் இருப்பவனுக்கு மலிவு விலை ஒரு சந்தேகமாகத் தோன்றாமல் அதிர்ஷ்டமாகத் தோன்றும். எனக்கும் அப்படியே தோன்றியது.

அவரை அங்கீகரிக்க நாங்கள் செய்ததெல்லாம் மின்னஞ்சலில் ஒரு கேள்வித்தாள் அனுப்பியதும், தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001 சான்றிதழின் நகலை வாங்கிக் கோப்பில் வைத்ததும்தான். அந்தச் சான்றிதழ் உண்மையானதா என்று இத்தகைய சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஐஏஎஃப் செர்ட்சர்ச் இணையதளத்தில் தேட ஐந்து நிமிடம் போதும். நான் தேடியது எல்லாம் முடிந்த பிறகு. அங்கே அவர் பெயர் இல்லை. மருத்துவக் கருவித் தயாரிப்புக்கான தரநிலையான ஐஎஸ்ஓ 13485 கேட்கும் மாற்ற அறிவிப்பு ஒப்பந்தத்திலும் கையெழுத்து வாங்கியிருந்தோம். பொருளைத் தானே உருக்காத வணிகர், உற்பத்தி முறை மாறினால் தெரிவிப்பேன் என்று எழுதித் தருவதில் என்ன அர்த்தம் இருக்கிறது என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

180 கிலோ வந்தது. கட்டுகளின் முனையில் பெயின்ட், உருக்கு எண் (ஒரே தடவையில் உருக்கிய தொகுதியின் எண்) எழுதிய தகரச் சீட்டு, கூடவே ஆலையின் 3.1 வகைச் சோதனைச் சான்றிதழ், அதாவது உருக்கிய ஆலையே சரக்கைச் சோதித்துத் தருவது. விட்டத்தை அளந்தோம், மேற்பரப்பைப் பார்த்தோம், சான்றிதழில் இருந்த எண்ணும் சீட்டில் இருந்த எண்ணும் ஒன்றா என்று ஒப்பிட்டோம். காந்தம்கூட வைத்துப் பார்த்தோம், ஒட்டவில்லை. (கடையில் விற்கும் சாதாரண 316எல்லும் பெரும்பாலும் ஒட்டாது. காந்தச் சோதனையை நம்பும் பழக்கத்தை இன்றே விடலாம்.)

முதல் வாரத்திலேயே எங்கள் சிஎன்சி (கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திர) ஆபரேட்டர் வந்து, "சார், இந்த ராட் வெண்ணெய் மாதிரி வெட்டுது, இன்சர்ட் ரெண்டு மடங்கு நிக்குது" என்றார். இன்சர்ட் என்பது வெட்டும் கருவியின் முனை. நான் மகிழ்ந்து, அந்த மிச்சத்தை அடக்க விலைக் கணக்கில்கூடச் சேர்த்துக்கொண்டேன். மூன்றாம் வாரம் அவர் இரண்டு கைகளிலும் உலோகச் சுருள்களை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். பழைய ராடின் சுருள் நூல்போல நீண்டு சிக்கிக் கிடந்தது. புதியது துண்டு துண்டாக உடைந்திருந்தது. "ரெண்டும் ஒரே மெட்டீரியல் இல்ல சார்" என்றார். உருக்கில் கந்தகம் கூடினால் சுருள் எளிதில் உடையும், கருவியும் அதிக நாள் உழைக்கும். எஃப்138 தரத்தில் கந்தகம் 0.010 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. சாதாரண 316எல் கம்பியில் 0.030 வரை இருக்கலாம்.

அன்று மாலையே எக்ஸ்ஆர்எஃப் கருவி (உலோகத்தில் என்னென்ன தனிமங்கள் எவ்வளவு என்று எக்ஸ் கதிரால் அளப்பது) வைத்திருப்பவரை வரவழைத்தோம். நிக்கல் 10.2 விழுக்காடு காட்டியது. இருக்க வேண்டியது 13 முதல் 15 வரை. குரோமியம் 16.7, மாலிப்டினம் 2.06. குரோமியத்தோடு மாலிப்டினத்தின் 3.3 மடங்கைக் கூட்டினால் குறைந்தது 26 வர வேண்டும் என்பது அந்தத் தரத்தின் நிபந்தனை. உடலின் உப்பு நீரில் உருக்கு குழி விழுந்து அரிக்காமல் தாங்குவதற்கான அளவுகோல் அது. எங்களுக்கு 23.5 வந்தது. என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் கந்தகம் 0.024 என்று உறுதிசெய்தது.

சான்றிதழில் அச்சாகியிருந்த ஆலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு உருக்கு எண்ணைக் குறிப்பிட்டு எழுதினேன். நான்கு நாளில் பதில் வந்தது. சான்றிதழ் அவர்களுடையதுதான், எண்ணும் சரிதான். ஆனால் அந்த உருக்குத் தொகுதி முழுவதும் 12 மில்லிமீட்டர் ராடாக வேறொரு வாங்குநருக்குப் போயிருந்தது. எங்களிடம் இருந்த நகலில் விட்டத்தையும் எடையையும் மட்டும் மாற்றியிருந்தார்கள். உற்றுப் பார்த்தால் அந்த 8 மற்ற எண்களைவிடச் சற்றுத் தடித்திருக்கும்.

அதற்குள் 640 திருகுகள் விநியோகஸ்தர்களுக்குப் போயிருந்தன. உரிமம் வழங்கும் அதிகாரிக்குத் தெரிவித்துவிட்டுத் திரும்பப் பெற்றதில் 571 வந்தன. மீதி 69 திருகுகள் நோயாளிகளின் உடலில் இருக்கின்றன. மருத்துவமனைகளுக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அறுவை மருத்துவர்களிடம் நேரிலும் பேசினேன். 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகளின் ஆறாம் அட்டவணைப்படி மூலப்பொருளை மாற்றுவது முன் அனுமதி வேண்டிய பெரிய மாற்றம். ஆகவே உருக்கினால் கெடுதல் எதுவும் நேராவிட்டாலும், அந்தத் திருகுகள் எங்கள் உரிமத்துக்குள் அடங்காதவையே.

விற்றவரிடம் கேட்டபோது, "316எல்தானே சார் கேட்டீங்க, குடுத்தோமே" என்றார். கொள்முதல் ஆணையில் எஃப்138 என்று எழுதியிருந்ததைக் காட்டினேன். அவர் சரக்கோடு வந்த விலைப்பட்டியலைப் (இன்வாய்ஸை) பார்க்கச் சொன்னார். அதில் "எஸ்எஸ் 316எல் உருண்டைக் கம்பி" என்று மட்டுமே இருந்தது, தரத்தின் எண் எங்குமே இல்லை. நாங்கள் அந்தப் பட்டியலை மறுக்காமல் பணம் செலுத்தியிருந்தோம். சான்றிதழ் தனக்கு வேறொரு வணிகரிடமிருந்து வந்தது என்று கைகழுவினார். சட்ட அறிவிப்பு அனுப்பியும் இன்றுவரை ஒரு ரூபாய் திரும்பவில்லை. எங்கள் வழக்கறிஞரும் அந்த விலைப்பட்டியலைத்தான் முதல் சிக்கலாகச் சொல்கிறார்.

இப்போது எங்கள் ஆலையில், விலைப்பட்டியலில் தரத்தின் எண்ணும் உருக்கு எண்ணும் இல்லாவிட்டால் சரக்கு வண்டியிலிருந்து இறங்காது. சான்றிதழ் எந்த ஆலையின் பெயரில் இருக்கிறதோ அந்த ஆலையிடமிருந்து விட்டம், எடை இரண்டுக்கும் நேரடி உறுதி வரும்வரை ராட் பூட்டிய அறையில்தான் இருக்கும். ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு துண்டு ஆய்வகத்துக்குப் போகிறது. அந்தச் செலவு, திரும்பப் பெற்ற திருகுகளின் கூரியர் கட்டணத்தைவிடக் குறைவு.

ஸ்டாக்கிஸ்ட் வழியாக இம்பிளான்ட் ராட் வாங்கியவர்கள், சான்றிதழின் நகல் மட்டுமே கையில் இருந்தால், மீதமுள்ள கம்பியில் எக்ஸ்ஆர்எஃப் வைத்து நிக்கலையும் மாலிப்டினத்தையும் உடனே பாருங்கள். அந்தக் கருவி கார்பனைக் காட்டாது, ஆனால் இந்தக் குறிப்பிட்ட மோசடியைப் பிடிக்க அந்த இரண்டு எண்களே போதும். நிக்கல் 13க்குக் கீழே வந்தால் அந்த ராடில் செய்த எதையும் வெளியே அனுப்பாதீர்கள்.