டியன் பியன் பூ: அருங்காட்சியகமா, குன்றா?

1954 மே 7 அன்று பிரெஞ்சுப் படை வியட் மின் விடுதலைப் படையிடம் சரணடைந்த வியட்நாமின் டியன் பியன் பூவில் உங்களுக்கு அரை நாள்தான் இருக்கிறதா?

அருங்காட்சியகம் 2014இல் திறந்தது. கட்டடமே வலை போர்த்திய போர்வீரர் தொப்பி மாதிரி. சுற்றிலும் ஓடும் பிரம்மாண்ட ஓவியத்தைவிட, வியட் மின் படைக்கு அரிசி மூட்டை சுமந்த சைக்கிளைப் பாருங்கள். கூடவே நடந்தபடி திருப்ப வசதியாக, ஹேண்டிலில் மூங்கில் கழி கட்டி நீட்டியிருக்கும். கதை புரிய இது போதும்.

ஆனால் என் ஓட்டு பிரெஞ்சுப் படை அரண் அமைத்திருந்த ஏ1 குன்றுக்குத்தான். அதன் அடியில் வியட் மின் படை சுரங்கம் தோண்டி, மே 6 இரவு ஏறக்குறைய 1,000 கிலோ வெடிமருந்து வைத்துத் தகர்த்த பள்ளம் இன்னும் வாய் பிளந்து கிடக்கிறது. மறுநாள் மாலை சண்டை முடிந்தது. பக்கத்திலேயே பிரெஞ்சு டாங்கி ஒன்றும் நிற்கிறது. முதலில் குன்று, அப்புறம் நேரமிருந்தால் அருங்காட்சியகம்.